அப்பாவின் இஞ்சினும் தம்பியின் வேனும்

பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும் ஒரு டீச்சருக்கு இஞ்சினைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைத் தவிர வேறு பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பயிற்சியிலும் இஞ்சின் பாடம் கிடையாது. ஆனால் நான் இஞ்சின்காரர் மகள். அந்தப் பெருமையில் வாயைக் கொடுத்து, கூடப் பிறந்த தம்பியின் முதலில் பாதியைக் கரைத்தவள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது பழைய வேனோ லோரியோ வாங்கலாம் என்று பேச்சை எடுத்திருந்தால், அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு இதைப் படியுங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு அரசாங்க மின்சாரம் வந்தது 1992-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பெல்லாம் மாலை 6 மணிக்கு இஞ்சின் கொட்டகையில் அப்பா கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினால்தான் லயத்தில் விளக்கு எரியும். இரவு 10 மணிக்கு அவர் நிறுத்தினால் அணையும். அணைப்பதற்கு முன் மூன்று தடவை வெளிச்சம் மங்கி மங்கி வரும். ‘பாயை விரிங்க’ என்று அப்பா தோட்டத்துக்கே சொல்லும் சைகை அது. மொத்தம் 40 வீடு, வீட்டுக்கு ஒரு விளக்கு. தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் நடுச்சாமம் வரை ஓடும்.

அது ஒரு லிஸ்டர் டீசல் இஞ்சின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1929-இல் செய்யத் தொடங்கிய ரகம். ஒரே ஒரு சிலிண்டர். இரண்டு பக்கமும் ஆட்டுக்கல்லைவிடப் பெரிய இரும்புச் சக்கரங்கள். ‘டொக்கு, டொக்கு’ என்று அது நிதானமாக அடிப்பதை லயத்தில் படுத்தபடியே ஒவ்வொன்றாக எண்ணப் பார்ப்போம். இஞ்சினைக் குளிர வைக்கப் பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம் இருக்கும். மழைக்காலத்தில் எனக்கும் தம்பிக்கும் அந்தச் சுடுதண்ணீரில்தான் குளியல்.

1961-இல் அப்பா அந்த வேலைக்கு வந்தபோதே அது பழைய இஞ்சின். 1992-இல் மின்கம்பம் நட்ட பிறகு வேலை இல்லாமல் போயிற்றே தவிர, ஓடாமல் போகவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் வந்து அதை லோரியில் ஏற்றிய அன்று அப்பா கொட்டகைப் பக்கமே போகவில்லை. அந்த 31 வருடத்தில் அதை எத்தனை தடவை பிரித்துப் பூட்டினார்கள் என்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இனி 2016-க்கு வருகிறேன். தம்பி செம்பனை ஆலை வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வேன் ஓட்டப்போவதாகச் சொன்னான். நல்ல யோசனைதான். எங்கள் தோட்டத்திலும் பக்கத்து இரண்டு தோட்டங்களிலும் பிள்ளைகளை ஏற்றி, தமிழ்ப்பள்ளிக்கும் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்கும் கொண்டுபோய் விட ஆள் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அப்பன்மார் போவதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

பழைய வண்டி விற்கும் இடத்தில் இரண்டு வேன்கள் நின்றன. பெட்ரோல் வேன் 32,000 வெள்ளி. டீசல் வேன் 38,000 வெள்ளி. தம்பியின் சேமிப்பு, அவன் மனைவி அடகு வைத்த வளையல்கள், நான் எடுத்துக் கொடுத்த 12,000 வெள்ளிக் கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பணம்.

“அக்கா, நம்ம ஓட்டம் கொஞ்சம்தானே? பெட்ரோலே போதாதா?” என்று கேட்டான் தம்பி.

“டீசல்தான்டா. அப்பா இஞ்சினை மறந்துட்டியா? பெட்ரோல் இஞ்சின் அஞ்சு வருஷத்துல இளைச்சுப் போயிடும். இது உன் மகன் காலத்துக்கும் ஓடும்,” என்றேன் நான்.

டீச்சர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். தம்பிக்கும் அது சின்ன வயதிலிருந்து பழகிப்போன ஒன்று.

நான் சொன்னதில் உண்மையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி உண்மை இருந்தது. அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். அந்த முக்கால்வாசியை முதலில் பார்த்துவிடுவோம்.

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். பத்துத் தடவை அழுத்தியதும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். டீசல் இஞ்சின் நடப்பது இந்த ஒரே சங்கதியால்தான். பெட்ரோல் இஞ்சின் தான் உறிஞ்சியதைப் பத்தில் ஒரு பங்காக நெருக்கி, ஸ்பார்க் பிளக்கால் பொறி தட்டிக் கொளுத்துகிறது. டீசல் இஞ்சின் காற்றை மட்டும் 16-இல் ஒரு பங்கு, சிலவற்றில் 20-இல் ஒரு பங்குக்கும் கீழே நெருக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் காய்ந்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதை ஓட்டிக் காட்டினார். அவர் பெயர்தான் இன்றைக்கு எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

இப்படி நெருக்கி அடிக்கும் அடியைத் தாங்க வேண்டுமே! ஆகவே டீசல் இஞ்சினின் இரும்பு தடிப்பு, தண்டு தடிப்பு, பேரிங் பெரியது. கெட்டி உடம்பு என்றால் ஆயுளும் கூடுதல்தான். டீசலுக்கு இயல்பாகவே கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் உண்டு. பழைய பெட்ரோல் இஞ்சின்களில், காலையில் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது பெட்ரோல் மிகுந்துபோய்ச் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசும். டீசலில் அந்தக் கெடுதல் குறைவு.

வேகம் என்று ஒன்று இருக்கிறது. இதை எங்கள் பள்ளி நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள். அப்பாவின் இஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுத்தான் சுற்றும். தினமும் 4 மணி நேரம் என்றால் 1,56,000 சுற்று. பெருஞ்சாலையில் ஒரு சின்னப் பெட்ரோல் கார் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் இஞ்சின் ஓர் இரவு முழுக்கச் சுற்றியதை அது 52 நிமிடத்தில் சுற்றி முடித்துவிடும். நிதானமாக நடக்கிறவனுக்குச் செருப்புத் தேயாது என்பது இதுதான்.

லோரி இஞ்சின்களில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சிலிண்டருக்குள் லைனர் என்று ஓர் இரும்புக் குழாய் தனியாகப் போட்டிருப்பார்கள். தேய்ந்தால் அதை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். வேட்டி கிழிந்தால் வேட்டியைத்தானே மாற்றுகிறோம்? எங்கள் தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று இப்படி இரண்டு தடவை லைனர் மாற்றிக்கொண்டு இன்னமும் ஓடுகிறது. ஆக, ‘இருபது வருஷ இஞ்சின்’ என்று யாராவது மார்தட்டினால், அது பிரிக்காமல் ஓடிய இருபது வருடமா, பிரித்துப் பூட்டிய இருபது வருடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

உலகப் புகழ் பெற்ற ஒரு டீசல் கார் உண்டு. கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி நகரத்து டாக்சிக்காரர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் ஓட்டிய 1976-ஆம் வருட மெர்சிடிஸ் 240 டி. 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் அதைச் செய்த கம்பெனியின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த வண்டியும் ஒரே இஞ்சினில் ஓடியதில்லை. இஞ்சின்களை மாற்றி மாற்றிச் செப்பனிட்டுப் பூட்டியிருக்கிறார் மனிதர்.

அப்படியானால் பெட்ரோல் இஞ்சின் மட்டமா? அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஒருவர் இருந்தார். சொல்லச் சந்தோஷமாக இருக்கிறது, அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். 1966-இல் வாங்கிய வால்வோ பெட்ரோல் காரில் தினமும் போகவர சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தார். 2013-இல் அந்தக் கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். முதல் 10 லட்சம் கிலோமீட்டர் தாண்டும்வரை இஞ்சினைப் பிரிக்கவே இல்லையாம். எண்ணெய் மாற்றும் தவணையை மட்டும் அவர் தவற விடுவதில்லை. 2018-இல் காலமானார். இவரைப் பற்றி 2016-இலேயே படித்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

சரி, தம்பியின் வேனுக்கு என்ன ஆயிற்று?

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. 2018 கடைசியில் காலையில் கிளம்ப முரண்டு பிடித்தது. பிறகு ஏற்றத்தில் கறும்புகை. ஒரு நாள், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வேலைக்காட்டுப் பாதையில் நின்றுவிட்டது. பட்டணத்துப் பட்டறையில் பார்த்துவிட்டுச் சொன்ன தொகை 8,400 வெள்ளி. நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டன. பம்பும் சரியில்லை. உள்ளே போகும் காற்றுக் குழாயெல்லாம் அடுப்புக்கரி அப்பியதுபோல் அடைத்துக் கிடந்தது. அப்போது மீட்டரில் இருந்தது வெறும் 70,000 கிலோமீட்டர். வாங்கும்போதே 45,000. தம்பி ஓட்டியது 25,000-தான்!

பட்டறைத் தவுக்கே வயதான சீனர். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, “இந்த வண்டி தினமும் என்ன வேலை செய்கிறது?” என்பதுதான். நான் விலையையும் வருடத்தையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

என்ன வேலை? லயத்து முனையில் நிற்கும். ஒரு பிள்ளை காலணியைத் தேடிக்கொண்டிருக்கும். அதற்குள் இன்னொன்றின் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு ஓடிவருவாள். பிறகு 4 கிலோமீட்டர். மறுபடியும் நிற்கும். பள்ளி வாசலில் வெயிலுக்காகக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு இஞ்சினை நிறுத்தாமலே அரை மணி காத்திருக்கும். நாளெல்லாம் சேர்த்தாலும் 40 கிலோமீட்டர் வராது.

டீசல் இஞ்சின் சிக்கனக்காரன் அல்லவா, சூட்டை வீணாக்காது. அதனாலேயே சும்மா நிற்கும்போது அதற்குச் சூடு ஏறுவதில்லை. சூடு ஏறாத அடுப்பில் விறகு புகைவதுபோல டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகப் படியும். அப்பாவின் இஞ்சின் 6 மணிக்குக் கிளம்பினால் 10 மணி வரை ஒரே சூடு, ஒரே வேகம், ஒரே பாரம். தம்பியின் வேனுக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

மீட்டர் ஏமாற்றியதைத் தவுக்கே சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தம்பி 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றினான். ‘மினியாக் ஹித்தாம்’ என்று பட்டறையில் சொல்வார்களே, அந்த எண்ணெய். வருடத்துக்கு ஒரு தடவைதான் அது வந்தது. ஆனால் இஞ்சின் தினமும் 4 மணி நேரம் ஓடியிருக்கிறது. பள்ளி நாள் 200 என்றால் 800 மணி நேரம். அதே 800 மணி நேரம் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போயிருந்தால் 48,000 கிலோமீட்டர் காட்டியிருக்கும். மீட்டர் ஓடவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா இதெல்லாம் தெரிந்தவர். அவர் எழுதி வைத்தது மணிக்கணக்கு. கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிய அந்த நோட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

டீசலை அப்பா நேராக ஊற்றவும் மாட்டார். டிரம்மை ஓர் இரவு ஆடாமல் வைத்து, அடியில் தங்கும் தண்ணீரையும் அழுக்கையும் விட்டுவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றுவார். அந்தக் காலத்து இஞ்சின் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். இப்போதையது பொறுக்காது. தம்பியின் வேனில் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் 500 மடங்குக்குமேல். உள்ளே ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி நம் தலைமயிர்த் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு. ஒரு துளித் தண்ணீர், ஒரு சிட்டிகைத் தூசி போதும். வடிகட்டியை மாற்ற ஐம்பது அறுபது வெள்ளிதான் ஆகும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தம்பி இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தான்.

இங்கே ஒரு சங்கதி, நம் தோட்ட மக்கள் தெரிந்திருக்க வேண்டியது. 2019 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டு வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்ததைக் கலக்கத் தொடங்கினார்கள். நாம் வெட்டும் குலைதான் லோரிக்குள்ளும் எரிகிறது! பம்புக்கு அது நல்ல வழுவழுப்புத் தரும். ஆனால் வெறும் டீசலைவிடத் தண்ணீரை எளிதில் இழுக்கும். நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்காரர்கள் வடிகட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வேன் மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. பிள்ளைகள் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் அடுக்கப்பட்டார்கள். இரண்டு குடும்பங்கள் வேறு வேனுக்குப் போய்விட்டன. தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மனைவிதான் ஒரு நாள், “எங்க வளையல்ல பாதி புகையாப் போச்சு அண்ணி,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளி வாசலில் தம்பியைப் பார்த்தாலும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவோம்.

2019-இல் செப்பனிட்ட வேனை 24,000 வெள்ளிக்கு விற்றான். வாங்கியவர் காய்கறி வியாபாரி. வாரத்தில் மூன்று இரவு கேமரன் மலையில் காய்கறி ஏற்றி, கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். ஒரு வழி மட்டும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தம்பி ஒரு பெட்ரோல் வேனை வாங்கிக்கொண்டான். அதை இன்றுவரை ஓட்டுகிறான். குறுகிய ஓட்டத்துக்கு அது சீக்கிரம் சூடாகிவிடுகிறது. பழுது வந்தாலும் நூறு, இருநூறு வெள்ளியோடு போகிறது. இப்போதைய பெட்ரோல் இஞ்சின்கள் பழைய கார்புரேட்டர் காலத்தவை அல்ல. கணக்காகப் பெட்ரோல் விடுகின்றன. ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் 3 லட்சம் கிலோமீட்டர் பெரிய அதிசயமில்லை.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. அன்று இரவு தம்பி கூப்பிட்டான். “அக்கா, உன் டீசல் வேன் இன்னும் நம்மகிட்ட இருந்திருந்தா?” என்றான். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அந்த வேனைப் பற்றி நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் தவுக்கேயின் கேள்வியைத்தான் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? ஒரே மூச்சாகவா, நின்று நின்றா? பாரம் எவ்வளவு? தூரம், பாரம், ஏற்றம் என்றால் தயங்காமல் டீசல். புதிய ரகங்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். பெருஞ்சாலையில் விடாமல் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். பள்ளிக்கும் பசாருக்கும் மட்டும் போகிற வண்டிக்கு அது தலைவலி. பழைய வண்டி பார்க்கப் போனால், விற்பவர் முன்கூட்டியே கிளப்பிச் சூடாக்கி வைக்க விடாதீர்கள். ஆறிக் கிடக்கும் இஞ்சினை உங்கள் கண்முன் கிளப்பச் சொல்லுங்கள். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டைமிங் பெல்ட் உள்ள ரகமாக இருந்தால் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். டீசலில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதிவிடும்.

அந்தக் காய்கறி வியாபாரியை 2024 தீபாவளிச் சந்தையில் பார்த்தேன். வேன் எப்படி என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. அவரே கூட்டிக்கொண்டு போய் மீட்டரைக் காட்டினார். 3 லட்சத்து 80,000 கிலோமீட்டர். “தங்கமான வண்டி டீச்சர். உங்க தம்பி ஏன் வித்தாரு?” என்றார்.

தம்பிக்கு நான் ஒரு பள்ளி நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் தேதி, மணி, எண்ணெய், வடிகட்டி என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வருகிறான். மாதக் கடைசியில் என்னிடம் காட்டுவான். ‘வடிகட்டி’யை இன்னமும் ‘வடிக்கட்டி’ என்றுதான் எழுதுகிறான். நானும் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.